தொலைந்தவர் என்று எழுதும் முன்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து நிவேதா என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். கல்வி ஆய்வில் புழங்கும் சொற்களுக்கு ஒரு சிறு கையேடு போடுகிறார்களாம், கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் போய் விவரம் சேகரிக்கும் புதியவர்களுக்காக. "அக்கா, தமிழ் மட்டும் ஒரு தடவ பாத்துக் குடுங்க. ஃபீல்டுக்குப் போறவங்களுக்குப் புரியுமான்னு நீங்க சொன்னாதான் சரியா இருக்கும்" என்றாள்.

பார்த்தேன். மாதிரி, மாறி, கருதுகோள், நம்பகம், ஏற்புடைமை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. 'இழப்பு' என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். 'ஆய்வு முடிவதற்குள் பங்கேற்பாளர் விலகிக்கொள்ளுதல்' என்று பொருள் எழுதியிருந்தார்கள். விலகிக்கொள்ளுதலாம். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவிக் கிளம்புகிற மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. ஓய்வுபெற்றவளின் கோபம் யாருக்கு என்ன செய்யும்? ஆனாலும் வந்தது.

நான் அந்த நிறுவனத்தில் கள ஆய்வாளராக இருந்தவள். பேருக்குத்தான் ஆய்வாளர். கையில் ஒரு பை, பையில் வாசிப்புத் தாள்கள், காலில் செருப்பு. தண்டு என்று சொல்லும் கண்டோன்மென்ட் பகுதியில் பிறந்து வளர்ந்ததால் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் உருது என்று மூன்றும் தானாக வந்தன. என் பட்டப்படிப்பைப் பார்த்து யாரும் வேலை கொடுக்கவில்லை, இந்த மூன்று மொழிக்காகத்தான் கொடுத்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொற்களைச் சொல்லிக்கொடுத்தார்கள், எழுதிக்கொண்டோம், மறந்தோம். வேலைக்குப் போன பிறகுதான் ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து மண்டையில் குட்டியது.

எங்கள் தலைவி சுமித்ரா மேடம். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். எங்களோடு பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். குரலை உயர்த்தவே மாட்டார். நாம் தப்பாக ஏதாவது சொன்னால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ஹௌதா?" என்று மட்டும் கேட்பார். அப்படியா என்று அர்த்தம். அதைக் கேட்டதும் நாம் சொன்னது அப்படி இல்லை என்று நமக்கே தெரிந்துவிடும்.

ஏற்புடைமை என்றால் என்ன என்று அவர் காட்டிக்கொடுத்த விதம் எனக்கு மறக்காது. பிள்ளைகள் வாசிப்பதற்காகக் கடற்கரையைப் பற்றி ஒரு பத்தி தயாரித்திருந்தோம். சிவாஜிநகர்ப் பிள்ளைகள் அதில் தடுக்கித் தடுக்கி விழுந்தார்கள். வாசிப்பு மோசம் என்று நாங்கள் எழுதிக்கொண்டு வந்தோம். மேடம் அதே பிள்ளைகளுக்குச் சந்தையைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னார். கடகடவென்று வாசித்தார்கள். "உங்க தாள் வாசிப்ப அளக்கல. கடல் பாத்திருக்கானான்னு அளந்துச்சு" என்றார். கடற்கரைப் பத்தியைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அதை எழுதியவள் நான். இரண்டு நாள் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வாசிப்புத் தேர்வு வைப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அச்சிட்ட தாளை மனம்போனபடி சுருக்காமல், வார்த்தை மாறாமல் படித்துக்காட்ட வேண்டும். பிறகு பிள்ளையைத் தனியே உட்கார வைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். நன்றாக வாசித்தால் சிரிக்கக் கூடாது, திணறினால் எடுத்துக்கொடுக்கக் கூடாது. முடிந்ததும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே குரலில் 'நன்றி, முடிந்தது' என்று சொல்ல வேண்டும். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று பிள்ளைக்கோ பெற்றோருக்கோ ஒருநாளும் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வருடம் நாம் அளக்கப்போவது வேறு பிள்ளையை என்பார் மேடம். நாம் புகழ்ந்த பிள்ளை ஒரு மாதிரி வாசிக்கும், கேவலப்பட்ட பிள்ளை இன்னொரு மாதிரி வாசிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. நாங்கள் அதைக் கதவு விதி என்று கேலியாகச் சொல்வோம். ஒரு பிள்ளை பள்ளியில் இல்லை என்றால் உடனே 'இழப்பு' என்று குறித்துவிட முடியாது. வீட்டைத் தேடிப் போக வேண்டும். காலி செய்துவிட்டுப் போயிருந்தால் போன ஊருக்குப் போக வேண்டும். ஒரு கதவு முன்னால் நின்று, அங்கே இருப்பவரோடு பேசிவிட்டு வந்த பிறகுதான் எதையும் எழுதலாம். "தொலைஞ்சவங்கள விட்டுட்டு இருக்கறவங்கள மட்டும் கூட்டினா ஸ்கூலு சென்னாகி, நல்லாத்தான் தெரியும். கஷ்டப்பட்ட பிள்ளைதானே மொதல்ல காணாமப் போவுது" என்பார். பக்கத்துத் துறைக்காரர்கள் எங்களைத் தபால்காரிகள் என்று கூப்பிட்டார்கள். தபால்காரருக்காவது முகவரி இருக்கும்.

பவித்ராவைத் தேடிப் போனது அப்படித்தான். பள்ளி மாறும் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியில் வாசிப்பு பின்தங்குகிறதா என்பது எங்கள் அப்போதைய ஆய்வு. பின்தங்கும் என்பது கருதுகோள். முதல் வருடம் சிவாஜிநகரில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தோம். அடுத்த வருடம் போனபோது பவித்ரா இல்லை. டீச்சரைக் கேட்டால், "வீட்ட காலி பண்ணிட்டாங்க" என்றதோடு முடித்துக்கொண்டார். அவர்கள் குடியிருந்த சந்தில் விசாரித்தேன். கறிக்கடை வைத்திருந்த பெரியவர், "உனோ ஹெப்பகோடி கு சலே கயே" என்றார். ஹெப்பகோடிக்குப் போய்விட்டார்கள். பவித்ராவின் அப்பா இறந்துபோனார் என்றும், கைக்குழந்தையோடு நின்ற அம்மா சரசுவுக்கு அங்கே ஏதோ கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்திருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். கம்பெனிப் பெயர் தெரியாது.

அப்போது அந்தப் பக்கம் மெட்ரோ கிடையாது. சில்க் போர்டு சந்திப்பில் பஸ் நிற்கிற நேரத்தில் ஒரு தூக்கம் போட்டு எழலாம். ஹெப்பகோடியில் தமிழர்கள் இருக்கும் தெருக்களாகப் பார்த்து, சிவாஜிநகரிலிருந்து வந்த சரசு, கைக்குழந்தைக்காரி என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக ஷீட் கூரை போட்ட வீடுகளில் கடைசி வீட்டைக் காட்டினார்கள். பவித்ரா இடுப்பில் தம்பியோடு வாசலில் நின்றாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "அம்மா, நம்ம ஸ்கூலுக்கு வந்த மேடம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

சரசுவுக்கு அன்று வாரவிடுமுறை. என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "எங்கள தேடிக்கினா வந்தீங்க? அங்கருந்தா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். பவித்ரா பள்ளிக்குப் போவதில்லை. சரசு வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அதை அவர் தயங்காமல் சொன்னார், மறைக்கவில்லை.

நான் ஒப்புதல் தாளை எடுத்துப் படித்தேன். வார்த்தை மாறாமல்தான் படித்தேன். இது பள்ளித் தேர்வு அல்ல. இதில் கலந்துகொள்வதால் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ நேரடியான பலன் எதுவும் கிடைக்காது. விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் சரசு தலையை ஆட்டினார். "தெரியும் மேடம், தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புரிந்ததா என்று கேட்டதற்கும் புரிந்தது என்றுதான் சொன்னார்.

பவித்ரா உள்ளே போய் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்தாள். பழைய பள்ளிச் சீருடையை மாட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுக்குக் குட்டையாகிவிட்டிருந்தது. எதற்கு இது என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. பிள்ளைக்கு ஆசை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அவள் வாசித்தாள். ஒரு வருடமாகப் பள்ளிப் பக்கமே போகாத பிள்ளை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்வி வந்தால் கேள்வியாகவே வாசித்தது. கடையில் பொட்டலம் கட்டித் தரும் தாள்களைக்கூடக் குழந்தைக்கு வாசித்துக்காட்டுவாளாம், பிறகு சரசு சொன்னார். நான் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். முடிந்ததும் 'நன்றி, முடிந்தது' என்றேன். முகத்தில் எதையும் காட்டவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு எனக்கு ஒரு போன் வந்தது. சரசு. "மேடம், ஹாஸ்டலுக்கு எப்ப கூட்டிக்கினு வரணும்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எந்த ஹாஸ்டல் என்று கேட்டேன்.

"பாப்பா பரீட்சை எழுதுச்சில்ல, அந்த ஹாஸ்டல் ஸ்கூலுதான். பரீட்ச வெச்சித்தான் எடுப்பாங்களாம், சாப்பாடு துணியெல்லாம் அவங்களே குடுப்பாங்களாமே. சின்னவன பர்கூர்ல எங்கக்கா வூட்டுல வுட்டுட்டேன் மேடம். இன்னும் பால் மறக்கல. ராவெல்லாம் அழுவுறானாம். எனக்கும் பால் கட்டிக்கினு ஒரே வலி. பரவால்ல, இவ படிச்சா போதும். நீங்க தேதி மட்டும் சொல்லுங்க."

நான் நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மேடம் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. என்ன படித்தாய், அவர் என்ன சொன்னார், அதே வார்த்தையா, அப்போது முகம் எப்படி இருந்தது, பிள்ளை எப்போது சீருடை மாட்டியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பவித்ராவின் வாசிப்புத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார்.

"மேடம், நான் எல்லாத்தையும் படிச்சிக் காட்டினேன். சைன் இருக்கு" என்றேன்.

"சைன் ஒப்புதல் இல்ல செல்வி. நாம சொன்னதும் அவங்களுக்குப் புரிஞ்சதும் ஒண்ணா இருக்கணும். அதுதான் ஒப்புதல். இது ஒப்புதலே வாங்காத மாதிரி."

"ஸ்கூலு போகாத பிள்ளை மேடம். இவ்ளோ நல்லா படிக்குது. நம்ம கருதுகோளுக்கே எதிரா நிக்குது. இதப் போய் எடுத்துட்டா..."

"நோடு, இங்க பாரு, நல்லா படிச்சதுக்காக வெச்சிக்கிட்டா, நாளைக்கி மோசமா படிச்சத தூக்கிடுவோம். அப்புறம் இது ஆய்வு இல்ல, நம்ம இஷ்டம்."

எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. அந்தப் பிள்ளையை இரண்டு தடவை அலைந்து கண்டுபிடித்தவள் நான். ஒரு கோட்டில் மறுபடியும் தொலைத்துவிட்டார். அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது. பேனாவை மூடிவிட்டு, "நாளைக்கி நானும் வரேன்" என்றார். மேடம் களத்துக்கு வந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் இருவரும் பஸ்ஸில் போனோம். சரசு வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். உள்ளே ஒரு தகரப் பெட்டி, புதுப்பூட்டு போட்டு, தயாராக இருந்தது. மேடம் தரையில் உட்கார்ந்தார். தன் தமிழில், நாங்கள் ஹாஸ்டல்காரர்கள் இல்லை, பள்ளியில் சேர்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுவதுதான் எங்கள் வேலை என்று மெதுவாகச் சொன்னார். இரண்டாம் தடவையும் சொன்னார். அதன் பிறகுதான் சரசுவின் முகம் மாறியது.

"இந்த மேடம் படிச்சாங்களே, பலன் எதுவும் இல்லன்னு. அது காதுல விழலையா?" என்று கேட்டார் மேடம். கண்டிக்கிற குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வுழுந்துச்சு மேடம். ரேஷன் கார்டுக்கு எழுதறப்பவும் அப்டித்தான் படிப்பாங்க. கவர்மெண்டு வூட்டுக்கு எழுதிக் குடுத்தப்பவும் அப்டித்தான். உறுதி கெடையாது, பலன் கெடையாதுன்னு மொதல்ல சொல்லிட்டுத்தானே அப்புறமா குடுப்பாங்க. ஆபீஸ்ல பேசறதே அப்டித்தானே." தகரப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் குடுக்கப் போறதில்லன்னா இவ்ளோ தூரம் எங்கள எதுக்கு மேடம் தேடிக்கினு வந்தீங்க?" என்றார்.

நாங்கள் தேடியது பவித்ராவை அல்ல, அவளுடைய இரண்டாம் வருட மதிப்பெண்ணை. அதை எந்த மொழியில் அந்த வீட்டில் சொல்வது?

பவித்ரா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "மேடம், நான் படிச்சது கரெக்டா?" என்று கேட்டாள்.

நான் வழக்கம்போல மேடத்தைப் பார்த்தேன். அந்த விதியைப் போட்டவரே அவர்தான். மதிப்பெண்ணைச் சொன்ன ஒரு பையனை வேலையை விட்டே அனுப்பியவர். அவர் பவித்ராவை, கன்னடத்தில் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல 'புட்டி' என்று பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். "உன் தாளு எங்க கணக்குல இல்ல, புட்டி. அதனால சொல்லலாம். எல்லாமே கரெக்ட். ஒரு தப்பு கூட இல்ல" என்றார்.

பிள்ளையின் முகம் பூரித்துப்போனது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. என் வேலைக்காலம் முழுவதிலும் நான் தேர்வு வைத்த பிள்ளைகளில் தன் மதிப்பெண்ணைக் காதால் கேட்ட ஒரே பிள்ளை அவள்தான்.

மேடம் அன்றே என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்து அரசுப் பள்ளிக்கும் போனார். அளக்க வந்தவர்கள் எதையும் தொடக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர், இனி அவள் நம் ஆய்வு மாதிரியில் இல்லை, அதனால் போகலாம் என்றார். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். சேர்த்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் கன்னடவழிதான் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று நாங்கள் கேட்டோம். அங்கன்வாடியில் இவ்வளவு சின்னதை எடுக்க மாட்டார்கள் என்றார். திரும்பி வந்து சரசுவிடம் சொன்னோம். "பாக்கலாம் மேடம்" என்றார். நாங்கள் செருப்பை மாட்டும்போது அவர் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்வது கேட்டது.

ஆய்வறிக்கை வந்தபோது பவித்ரா 'இழப்பு' என்ற கட்டத்துக்குள் மற்றவர்களோடு ஓர் எண்ணாக இருந்தாள். பள்ளி மாறியவர்களின் வாசிப்பு பின்தங்குகிறது என்பது முடிவு. அந்த முடிவு தப்பில்லை. அவள் அந்தப் பள்ளியில் சேர்ந்தாள் என்று பிறகு ஒருவர் சொன்னார், நின்றுவிட்டாள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆய்வு முடிந்திருந்தது, அடுத்த ஆய்வு வடக்குக் கர்நாடகத்தில். மேடம் ஓய்வுபெற்று மைசூருக்கே போய்விட்டார், இப்போது அவர் இல்லை. கதவு விதியும் அவரோடு போயிற்று. இப்போதெல்லாம் போன் அடிப்பார்கள், எண் உபயோகத்தில் இல்லை என்று குரல் வந்தால் டேப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டுவிடுவார்கள். இழப்பு.

நிவேதா அனுப்பிய தாளை வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு நாள் மெட்ரோ ஏறி ஹெப்பகோடிக்குப் போய் வந்தேன். ரயில் இப்போது ஊர் தலைக்கு மேலேயே போகிறது. அந்தக் காம்பவுண்டு இருந்த இடத்தில் பெண்கள் தங்கும் நாலு மாடி விடுதி நிற்கிறது. காவலாளி பீகார்க்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிவாஜிநகரிலிருந்து வந்த சரசு என்று கேட்டுக்கொண்டு பழையபடி இரண்டு தெரு நடந்தேன். முழங்கால் அதற்குமேல் ஒத்துக்கொள்ளவில்லை. நின்று பேச எனக்கு ஒரு கதவுகூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'இழப்பு: பங்கேற்பாளரைத் தேடுவதை நாம் நிறுத்திக்கொள்ளுதல்.' நிவேதா அன்று சாயந்திரமே போன் செய்தாள். "அக்கா, நல்லா இருக்கு. ஆனா இது டெஃபனிஷன் மாதிரி இல்லையே. பணம் குடுக்கறவங்க பாத்தா நம்ம மேல தப்புன்ற மாதிரி ஆயிடும்" என்றாள். மரியாதையான பெண். உங்கள் இஷ்டம் என்றேன்.

கையேடு போன வாரம் கூரியரில் வந்தது. நல்ல தாள், நல்ல அச்சு. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லி என் பெயரும் போட்டிருக்கிறார்கள். இழப்புக்கு நேரே பழைய வரிதான் இருக்கிறது.